பட்டறைக் கப்பல்: 1994இல் ஒரு மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில்

போன மாதம் முழுக்கக் கண் ஆபரேஷன் காரணமாக எதுவும் எழுதவில்லை. இன்று எழுதப்போவது கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மே மாதம் நம் பள்ளியில் 1994 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுகூடினார்கள். என்னை நடுவில் உட்காரவைத்து, ஒவ்வொருவராக எழுந்து என்ன செய்கிறோம் என்று சொன்னார்கள். டாக்டர், வங்கி மேலாளர், சிங்கப்பூரில் இன்ஜினியர் என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொருவருக்கும் நான் கை தட்டினேன், குடும்பத்தை விசாரித்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒருவன் எழுந்தான். "ஹார்பர் பக்கத்துல போட் இன்ஜின் பட்டறை வச்சிருக்கேன் டீச்சர். சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டான். நான் சிரித்துக்கொண்டே அடுத்தவன் பக்கம் திரும்பிவிட்டேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. அவன் முகம் ஞாபகம் இருந்தது. முதல் உலகப் போர் பாடம் எடுத்த அன்று கையைத் தூக்கி, "டீச்சர், சண்டைக்குப் போன கப்பல் நடுவுல ரிப்பேர் ஆச்சுன்னா யார் சரி பண்ணுவாங்க?" என்று கேட்டவன் அவன்தான். பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. எனக்கும் பதில் தெரியாது. "அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்கார்" என்றேன். அன்றும் உட்கார்ந்தான், இன்றும் உட்கார்ந்தான். இரண்டு முறையும் உட்காரவைத்தவள் நான்.

ஓய்வு பெற்ற பிறகு படிக்க நேரம் கிடைக்கிறது. இந்த இரண்டு மாதமாக அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் தேடிப் படித்தேன். பதில் ஒரு கப்பலின் கதையாக இருந்தது. அதன் பெயர் மெல்வில்.

முதல் உலகப் போரில் கடல் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவில் மதராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பல். கெட்டிக்காரப் பிள்ளையை "சரியான எம்டன்" என்று நம் பாட்டிமார் சொன்னது அதனால்தான். ஆனால் எம்டன் அந்த நவம்பரிலேயே அழிக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனி உண்மையில் பிரிட்டனின் கழுத்தை நெரித்தது வேறொரு ஆயுதத்தால். அது நீர்மூழ்கிக் கப்பல்.

பிரிட்டன் ஒரு தீவு. சாப்பாட்டில் பெரும்பகுதி கப்பலில்தான் வர வேண்டும். போருக்கு வேண்டிய எண்ணெய், தாதுக்கள், ஆயுதங்கள் எல்லாமும் அப்படித்தான். கப்பல்கள் வராவிட்டால் ஒரு குண்டு போடாமலே அந்த நாட்டை மண்டியிடவைக்கலாம் என்று ஜெர்மனி கணக்குப் போட்டது. 1917 பிப்ரவரி 1 முதல், பிரிட்டனைச் சுற்றிய கடலில் எந்த நாட்டு வணிகக் கப்பலைக் கண்டாலும் எச்சரிக்காமல் மூழ்கடிப்போம் என்று அறிவித்தது. கணக்கு ஏறக்குறையப் பலித்தது. 1917 ஏப்ரல் ஒரே மாதத்தில் எட்டரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலுக்கு அடியில் போயின. பிரிட்டனிலிருந்து நெடும்பயணம் புறப்பட்ட கப்பல்களில் நான்கில் ஒன்று திரும்பவில்லை.

அந்த ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்கா போரில் இறங்கியது. அதற்குச் சற்று முன்பே அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்லியம் சிம்ஸ் லண்டனுக்குப் புறப்பட்டிருந்தார். பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஜெல்லிகோ, வெளியே யாருக்கும் சொல்லாத இழப்புக் கணக்கை அவர் முன் வைத்தார். பத்திரிகையில் வந்ததைப் போல மூன்று நான்கு மடங்கு இழப்பு. சிம்ஸ் ஆடிப்போனார். நாசகாரிக் கப்பல்களை உடனே அனுப்புங்கள் என்று ஊருக்குத் தந்தி அடித்தார்.

நாசகாரி என்றால் என்ன என்று சின்னவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் டெஸ்ட்ராயர். அன்றைய நாசகாரி ஏறக்குறைய ஆயிரம் டன் எடையும் 300 அடிக்கு மேல் நீளமும் கொண்டது. அகலம் மட்டும் 30 அடிதான். கத்தி மாதிரி ஒல்லியான உடம்பு. உள்ளே இடமெல்லாம் பாய்லருக்கும் டர்பைனுக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் போய்விடும். மணிக்கு 29 கடல் மைல், அதாவது 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நீர்மூழ்கி தலை காட்டினால் பாய்ந்து போய் ஆழ்குண்டு போடக்கூடிய கப்பல் அதுதான்.

1917 மே 4ஆம் தேதி காலை அமெரிக்காவின் முதல் 6 நாசகாரிகள் அயர்லாந்தின் தெற்குக் கரைக்கு வந்து சேர்ந்தன. தளபதி ஜோசப் டாசிக். வந்த ஊரின் பெயர் குவீன்ஸ்டவுன். கார்க் துறைமுகத்தின் ஓரத்தில், மலைச்சரிவில் படிப்படியாக வீடுகள் ஏறிப்போகும் சின்ன ஊர். மேலே புனித கோல்மன் பேராலயம். பழைய பெயர் கோவ். 1849இல் விக்டோரியா ராணி வந்துபோனதால் குவீன்ஸ்டவுன் ஆனது. நாடு விடுதலை அடைந்த காலத்தில் மீண்டும் கோவ் ஆகிவிட்டது. 1912இல் டைட்டானிக் கடைசியாக ஆள் ஏற்றிச் சென்ற துறைமுகம் இதுதான். 1915 மே 7இல் லுசிட்டானியா பயணிகள் கப்பல் மூழ்கடிக்கப்பட்டு ஆயிரத்து இருநூறு பேர் வரை இறந்தபோது, உடல்களை அடக்கம் செய்ததும் இங்கேதான். கடல் துக்கம் என்னவென்று நன்கு தெரிந்த ஊர்.

அங்கே பிரிட்டிஷ் தளபதியாக இருந்தவர் அட்மிரல் லூயிஸ் பேலி. சிரிக்கத் தெரியாதவர் என்று பெயர். டாசிக்கிடம், எப்போது கடலுக்குப் போகத் தயாராவீர்கள் என்று கேட்டார். எண்ணெய் நிரப்பியதும் போகலாம் என்ற பொருளில் டாசிக் பதில் சொன்னார். இந்தப் பதில் பிறகு பெரிய புகழ் பெற்றது. கப்பல்கள் வந்து சேர்ந்த காட்சியை ஓவியமாகவும் வரைந்தார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். வீரர்கள் வந்தார்கள், தயார் என்றார்கள், சண்டை போட்டார்கள், வென்றார்கள். நானும் அப்படித்தான் நடத்தியிருப்பேன்.

ஆனால் தயார் என்று ஒரு நாள் சொல்லலாம். தினமும் சொல்ல முடியுமா? நம் பட்டறைக்காரன் 13 வயதில் கேட்டது அதைத்தான்.

அயர்லாந்துக்கு மேற்கே இருப்பது அட்லாண்டிக். அங்கே காற்றடித்தால் அலை வீட்டு உயரத்துக்கு எழும். அதில் 30 அடி அகலக் கப்பல் இரண்டு பக்கமும் புரண்டு புரண்டு போகும். ஒரு சுற்றுக்குப் பல நாள் கடலில், இரண்டு மூன்று நாள் துறைமுகத்தில், மறுபடி கடல். இதே ஓட்டம் மாதக்கணக்கில். கப்பலின் இரும்புத்தகட்டில் ஆணி விட்டுப்போகும். அலை அடித்துப் படகுகள் நொறுங்கும். கம்பியில்லாத் தந்தியின் ஆன்டெனா அறுந்து விழும். பம்பு நிற்கும். பேரிங் தேயும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி பாய்லர். எண்ணெய் எரித்துத் தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் டர்பைனைச் சுற்றவைப்பதுதான் கப்பலின் இயக்கம். வேலை முடித்த ஆவியைக் கண்டென்சர் என்ற பாகத்தில் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கிப் பாய்லருக்கே அனுப்புவார்கள். குளிரவைப்பது கடல்நீர். மெல்லிய குழாய்களுக்குள் கடல்நீர் ஓடும், வெளியே ஆவி படும். ஆயிரக்கணக்கான குழாய்களில் ஒன்று கசிந்தாலும் உப்பு நல்ல தண்ணீரோடு கலந்து பாய்லருக்குள் போய்விடும். வீட்டில் வெந்நீர் அண்டாவில் உப்புக்காரை படிகிறதல்லவா, அதேபோல் பாய்லர் குழாயில் படியும். குழாய் சூடேறி வெடிக்கும். அதனால் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாய்லரை அணைத்து, ஆறவைத்து, உள்ளே ஆள் இறங்கிச் சுரண்டியே ஆக வேண்டும். வேறு வழியே கிடையாது.

இதையெல்லாம் சரிசெய்ய ஊரில் ஹால்போலைன் என்ற தீவில் பிரிட்டிஷாரின் கப்பல் பட்டறை இருந்தது. அவர்களுடைய சொந்தக் கப்பல்களைக் கவனிக்கவே அதற்கு நேரம் போதாது. இப்போது கடல் தாண்டி வந்த விருந்தாளிகளையும் கவனிக்க வேண்டுமென்றால் எப்படி?

விருந்தாளிகள் கையோடு பட்டறையையும் கொண்டுவந்தார்கள். 1917 மே 22ஆம் தேதி, அதாவது முதல் 6 கப்பல்கள் வந்து 18 நாள் கழித்து, மெல்வில் குவீன்ஸ்டவுனுக்குள் நுழைந்தது.

இந்த வகைக் கப்பலுக்கு ஆங்கிலத்தில் டெண்டர் என்று பெயர். பொதுப்பணித் துறை டெண்டர் இல்லை! கூட இருந்து பார்த்துக்கொள்வது என்ற பொருளில் வந்த சொல். பழைய நீராவி ரயில் இன்ஜினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிவரும் பெட்டிக்கும் டெண்டர் என்றுதான் பெயர், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். தமிழில் தாய்க்கப்பல் என்று சொல்லலாம்.

மெல்வில் நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் கட்டப்பட்டு 1915 டிசம்பரில் சேவையில் சேர்ந்தது. 400 அடிக்கு மேல் நீளம், ஏழாயிரம் டன்னுக்கு மேல் எடை. வேகம் 15 கடல் மைல்தான், நாசகாரியில் பாதி. அதற்கு முன் இந்த வேலைக்குப் பழைய வணிகக் கப்பல்களை வாங்கி மாற்றிக்கொள்வது வழக்கம். பின்னால் ஜூன் மாதம் மெல்விலுக்குத் துணையாகக் குவீன்ஸ்டவுன் வந்த டிக்ஸி அப்படி மாற்றப்பட்ட கப்பல்தான். மெல்வில் இதற்கென்றே வரைந்து கட்டியது.

உள்ளே லேத் மெஷின்கள் வரிசையாக இருந்தன. இரும்பும் பித்தளையும் உருக்கி வார்க்க வார்ப்படச் சாலை, காய்ச்சி அடிக்க உலைக்களம், மர அச்சுச் செய்யத் தச்சுப் பட்டறை. உதிரிபாகக் கிடங்கு, டார்பிடோ, குண்டு, சாப்பாட்டுச் சாமான், ஆஸ்பத்திரி. பல் பிடுங்கக்கூட ஆள் உண்டு. ஊரில் கிடைக்காத ஒரு பாகம் உடைந்தால், மரத்தில் அச்சுச் செய்து, மணலில் பதித்து, உலோகம் ஊற்றி, லேத்தில் கடைந்து, அன்றே பொருத்திவிடலாம். தம்பி, இதைப் படிக்கும்போது உனக்கு உன் பட்டறை ஞாபகம் வரும் என்று நினைக்கிறேன்.

வேலை நடக்கும் விதம் இப்படி. கடலிலிருந்து திரும்பும் நாசகாரியின் தளபதி, என்னென்ன பழுது என்று பட்டியல் எழுதிவைத்திருப்பார். மெல்வில் நங்கூரம் போட்டு நிற்கும். பசுவிடம் கன்றுகள் ஒட்டிக்கொள்வதுபோல நாசகாரிகள் அதன் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளும். பட்டியல் கைமாறும். உடனே மெக்கானிக்குகள் இறங்குவார்கள். ராத்திரி பகல் கிடையாது. ஏனென்றால் அந்தக் கப்பல் எந்த நாள் எந்த மணிக்குத் திரும்பப் புறப்பட வேண்டும் என்று முன்பே எழுதியாகிவிட்டது. அந்த நேரத்துக்கு அட்லாண்டிக்கில் எங்கோ ஒரு வணிகக் கப்பல் கூட்டம் காத்திருக்கும். இவர்கள் தாமதித்தால் அவர்கள் துணையில்லாமல் வர வேண்டும்.

அந்தக் கோடைக்குள் குவீன்ஸ்டவுனில் அமெரிக்க நாசகாரிகள் 30க்கும் மேல் ஆகிவிட்டன. உலர்துறையில் ஏற்றியே ஆக வேண்டிய வேலையைத் தவிர, மற்றவற்றில் பெரும்பகுதியை மெல்விலும் டிக்ஸியும் பார்த்துக்கொண்டன. அதே காலத்தில் கான்வாய் முறை வந்தது. வணிகக் கப்பல்கள் தனித்தனியாக ஓடாமல் கூட்டமாக வர, சுற்றி நாசகாரிகள் காவல் வருவது. 1917 முடிவதற்குள் மாத இழப்பு ஏப்ரலில் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கியது. பிறகு அமெரிக்காவிலிருந்து இருபது லட்சம் படைவீரர்கள் கடல் தாண்டி ஐரோப்பாவுக்குப் போக முடிந்தது. கான்வாய்தான் காரணம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும், அது சரிதான். ஆனால் காவலுக்குப் போகும் கப்பல் தினமும் ஓடும் நிலையில் இருந்தால்தானே காவல்?

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிம்ஸ் ஐரோப்பியக் கடலில் இருந்த அமெரிக்கக் கடற்படைக்கே தளபதி. கடற்படையில் அட்மிரலின் கொடி எந்தக் கப்பலில் பறக்கிறதோ அதுதான் தலைமைக் கப்பல். சிம்ஸின் தலைமைக் கப்பலாக இருந்தது இந்தப் பட்டறைக் கப்பல் மெல்வில்தான். அவர் லண்டன் அலுவலகத்தில் இருந்தார், கொடி இங்கே கரிப்புகைக்கும் சுத்தியல் சத்தத்துக்கும் நடுவில் பறந்தது.

மெல்வில் கப்பலின் கேப்டனாக இருந்த பிரிங்கிள், பேலிக்கு அமெரிக்கப் பக்கத்துத் தலைமை உதவியாளராகவும் இருந்தார். அவர் பெயரைப் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் பட்டியலிலேயே அச்சிட்டார்கள். வெளிநாட்டுக்காரருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. சிரிக்காத பேலியைப் பிள்ளைகள் தங்களுக்குள் "அங்கிள் லூயிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். போர் முடிந்த பிறகு பழைய அமெரிக்க அதிகாரிகள் குவீன்ஸ்டவுன் பெயரில் ஒரு சங்கமே வைத்து அவரைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துக் கௌரவித்தார்கள். கண்டிப்பான வாத்தியாரைத்தான் பிள்ளைகள் கடைசிவரை ஞாபகம் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது!

எல்லாமே இனிப்பாக இல்லை. அயர்லாந்தில் முந்தைய ஆண்டுதான் பிரிட்டிஷாருக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி நடந்து, தலைவர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். ஊரில் கோபம் கனன்றுகொண்டிருந்தது. அமெரிக்க மாலுமிகளுக்குச் சம்பளம் அதிகம், உள்ளூர்ப் பெண்களோடு பழகுவதில் உள்ளூர் இளைஞர்களுக்கு எரிச்சல். அடிதடி ஆனது. அமெரிக்க மாலுமிகள் கார்க் நகருக்குப் போகக்கூடாது என்று தடை போட்டார்கள்.

பட்டறையால் சரிசெய்ய முடியாதவையும் இருந்தன. 1917 அக்டோபர் 15. காசின் என்ற நாசகாரியை நோக்கி ஒரு டார்பிடோ வந்தது. கப்பலின் பின்பக்கம் ஆழ்குண்டுகள் வைத்திருந்த இடம். அங்கே டார்பிடோ பட்டால் எல்லாம் சேர்ந்து வெடித்துக் கப்பலே போய்விடும். ஆஸ்மண்ட் இங்ரம் என்ற பீரங்கிப் பணியாளர் ஓடிப்போய் ஆழ்குண்டுகளைக் கடலில் உருட்டிவிட ஆரம்பித்தார். டார்பிடோ அங்கேயே வந்து தாக்கியது. அவர் ஒருவர் மட்டும் இறந்தார். பின்பக்கம் பிய்ந்து, சுக்கான் போய், கப்பல் வட்டமடித்துக்கொண்டே நின்றது. இழுத்துக் குவீன்ஸ்டவுன் கொண்டுவந்தார்கள். அது தாய்க்கப்பல் தாங்கும் வேலை இல்லை. வேல்ஸ் பக்கம் நியூபோர்ட் கப்பல் தளத்துக்குப் போய், 1918 ஜூலையில்தான் மறுபடி சேவைக்கு வந்தது. பின்னால் ஒரு நாசகாரிக்கு இங்ரமின் பெயரை வைத்தார்கள். அதிகாரி அல்லாத சாதாரண மாலுமி ஒருவரின் பெயரை அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு வைத்தது அதுதான் முதல் முறை.

டிசம்பர் 6ஆம் தேதி ஜேக்கப் ஜோன்ஸ் என்ற நாசகாரி, பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்திலிருந்து குவீன்ஸ்டவுனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டார்பிடோ பட்டு எட்டு நிமிடத்தில் மூழ்கியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூழ்கும்போது அதன் ஆழ்குண்டுகளே வெடித்து, நீந்திக்கொண்டிருந்த சொந்த ஆட்களைக் கொன்றன. கப்பலை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கியின் தளபதி ஹான்ஸ் ரோசே, மிச்சம் பேர் எந்த இடத்தில் மிதக்கிறார்கள் என்று எதிரியின் தளத்துக்கே கம்பியில்லாத் தந்தி மூலம் சொல்லிவிட்டுப் போனார். தன் இடம் காட்டிக்கொடுக்கப்படும் என்று தெரிந்தே செய்தார். போரிலும் மனிதன் முழுக்கச் செத்துப்போவதில்லை என்பதற்கு இதை வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும். அதுவும் பாடத்தில் இல்லை.

இனி அந்தப் பெயர். மெல்வில் என்றதும் திமிங்கில நாவல் எழுதிய ஹெர்மன் மெல்வில் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. இது ஜார்ஜ் மெல்வில், ஒரு இன்ஜினியர். 1879இல் வடதுருவம் தேடிப் புறப்பட்ட ஜானெட் என்ற கப்பலின் இன்ஜின் அறை அவர் பொறுப்பு. 33 பேர் போனார்கள். புறப்பட்ட சில வாரத்திலேயே கப்பல் பனிக்கட்டியில் சிக்கிக்கொண்டது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அப்படியே பனியோடு நகர்ந்தது. 1881 ஜூனில் பனி நெருக்கிக் கப்பல் உடைந்து மூழ்கியது. எல்லோரும் படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டே நடந்தார்கள். பிறகு மூன்று படகில் ஏறி சைபீரியாவை நோக்கிப் போனார்கள். புயலில் ஒரு படகு காணாமலே போனது. தலைவர் டி லாங் போன படகு லேனா ஆற்று முகத்துவாரத்தில் கரை சேர்ந்தது. ஆனால் பசியிலும் குளிரிலும், உதவி தேடி முன்னால் அனுப்பப்பட்ட இருவரைத் தவிர எல்லோரும் இறந்தார்கள். மெல்வில் நடத்திச் சென்ற படகில் இருந்த 11 பேரும் பிழைத்தார்கள்.

பிழைத்தவர் அதோடு ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அந்தக் குளிரிலேயே திரும்பிப் போய் டி லாங்கையும் மற்றவர்களையும் தேடினார். 1882 மார்ச்சில் அவர்கள் உடல்களைக் கண்டுபிடித்து அடக்கம் செய்தார். பின்னர் 1887 முதல் 1903 வரை அமெரிக்கக் கடற்படையின் தலைமை இன்ஜினியராக இருந்தார். அந்த நாளில் மேல்தளத்தில் நிற்கும் அதிகாரிக்கு இருந்த மதிப்பு, கீழே எண்ணெய்க்கையோடு நிற்கும் இன்ஜினியருக்குக் கிடையாது. அப்படிக் கீழ்த்தளத்திலிருந்து வந்த ஒருவரின் பெயரைத்தான் பட்டறைக் கப்பலுக்கு வைத்தார்கள். மிகப் பொருத்தம்.

1918 நவம்பர் 11இல் போர் நின்றது. மெல்வில் 1919 ஜனவரியில் ஊர் திரும்பியது. அதோடு அதன் கதை முடியவில்லை. 20 வருஷம் கழித்து இன்னொரு உலகப் போர் வந்தபோதும் அது வேலையில்தான் இருந்தது. பிரேசிலின் ரெசிஃபே துறைமுகத்தில் நின்று தென் அட்லாண்டிக் காவல் கப்பல்களைப் பார்த்துக்கொண்டது. 1944இல் நார்மண்டி படையெடுப்புக்கு முன் இங்கிலாந்தின் தெற்குக் கரையில், படை இறக்கும் படகுகளைப் பழுது பார்த்துத் தயார் செய்தது. 1946இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டுப் பிறகு உடைத்து இரும்பாக விற்கப்பட்டது. இரண்டு உலகப் போர், 30 ஆண்டு வேலை.

அமெரிக்கா நாசகாரிகளுக்கான இந்தத் தாய்க்கப்பல்களை 1990களில் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டது. நீர்மூழ்கிகளுக்கான தாய்க்கப்பல்கள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. நம் இந்தியக் கடற்படையிலும் சோவியத் நாட்டிலிருந்து 1968இல் வாங்கிய அம்பா என்ற நீர்மூழ்கித் தாய்க்கப்பல் பல ஆண்டு இருந்தது. அம்பா என்றாலே தாய்தானே.

பிள்ளைகளே, 34 வருஷம் வரலாறு எடுத்தேன். போர் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து. யார் வென்றார் என்று கேட்டேன், யார் பழுது பார்த்தார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். ரேங்க் கார்டில் மேலே இருந்தவர்கள் பெயர் இன்றும் நாக்கில் நிற்கிறது. என் சைக்கிள் செயின் கழன்றபோதெல்லாம் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு மாட்டிக்கொடுத்த பையனை, அவன் வேலையைச் சொன்னபோது ஒரு நிமிடம் நிறுத்தி விசாரிக்கத் தோன்றவில்லை. அந்தப் பையனும் இவன்தான்.

தம்பி, பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். நீ கேட்ட கேள்வி நல்ல கேள்வி. அன்று பதில் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும், உட்கார் என்று சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள். உன் பட்டறையிலிருந்து காலையில் கடலுக்குப் போகும் படகில் ஆறேழு பேர் இருப்பார்கள். நடுக்கடலில் இன்ஜின் நிற்காமல் அவர்கள் வீடு திரும்புவது உன் கையில் இருக்கிறது. சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை என்று இனிமேல் யாரிடமும் சொல்லாதே.

ஆடி முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் பட்டறைக்கு வருகிறேன். மருமகனிடம் காரில் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். இன்ஜினைப் பிரித்து வைத்திரு. நீ சொல்லிக்கொடு, நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். கண்ணில் சொட்டு மருந்து விடும் நேரம் வந்துவிட்டது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்